அப்பா இயக்கத்துக்குக் காசு கொடுத்தது தவறா?

கேள்வி, கனடாவில் பிறந்து வளர்ந்த ஓர் இளைஞருடையது. சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: "என் அப்பா 1990களின் தொடக்கத்திலிருந்து 2009 வரை புலிகளுக்குப் பணம் கொடுத்துவந்தார். இன்று சட்டம் அதைப் பயங்கரவாதத்துக்கு நிதி கொடுத்தல் என்கிறது. அப்பாவோ இன்றும் அதைப் பெருமையாகச் சொல்கிறார். பாதுகாப்பான நாட்டில் இருந்துகொண்டு, ஊரில் ஆயுதம் ஏந்துகிறவர்களுக்குக் காசு அனுப்புவது அறமா?"

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் அப்பா கொடுக்கத் தொடங்கியதில் எனக்குப் பிழை தெரியவில்லை. எதையும் கேட்காமல் கொடுத்துக்கொண்டே போனதில் பிழை இருக்கிறது. அந்தப் பிழையின் பெரும்பங்கு அவரைவிட அவரிடம் வாங்கியவர்களையே சேரும். ஆனாலும் அவருக்கும் ஒரு பங்கு உண்டு, அது இன்னும் தீரவில்லை.

ஏன் கொடுத்தார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 1981 ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாண நூலகத்தை எரித்தார்கள். 1983 ஜூலையில் கொழும்பில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடித் தேடிக் கொளுத்தினார்கள். அதே கிழமையில் வெலிக்கடைச் சிறைக்குள், அரசின் காவலில் இருந்த 53 தமிழ்க் கைதிகள் அடித்தும் வெட்டியும் கொல்லப்பட்டார்கள். 90களில் வடக்குக்கு மண்ணெண்ணெய், பற்றரி, சவர்க்காரம், மருந்து என்று எதற்கெடுத்தாலும் தடை. 1995 ஜூலை 9ஆம் தேதி நவாலியில் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த சனத்தின் மேல் விமானப்படை குண்டு போட்டது. நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். இந்தச் செய்திகள் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு அடுக்குமாடி வீட்டுக்கு வந்துசேரும் நேரத்தில், இரவு வேலை முடித்து வந்து நிற்கும் ஒரு மனிதரிடம் என்ன இருந்திருக்கும்? அந்த அரசை மாற்றும் வாக்கு இல்லை. அங்கே போய் நிற்க வழியில்லை. அகதி விண்ணப்பத்துக்கு முடிவுகூட வந்திருக்காது. சம்பளம் மட்டும்தான் இருந்தது. தம்பியும் மச்சானும் அங்கே இருக்க, தான் இங்கே தப்பி வந்துவிட்டோம் என்ற குற்ற உணர்ச்சி வேறு. அந்த மனிதர் கொடுத்த முதல் ஐம்பது டொலரைக் குற்றமென்று சொல்ல என்னால் முடியாது.

ஆயுதப் போராட்டம் எல்லாமே தவறு என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கேள்வி சுலபம். நான் அப்படி நினைக்கவில்லை. நம்மில் பெரும்பாலோரும் அப்படி நினைப்பதில்லை. 1943இல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்தபோது, மலாயாவின் ரப்பர் தோட்டத் தமிழர்கள் இந்திய தேசிய இராணுவத்துக்குக் காசும் நகையும் கொடுத்தார்கள், பிள்ளைகளையும் அனுப்பினார்கள். ஜான்சி ராணிப் படையில் இருந்த பெண்களில் மிகப் பலர் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களிலிருந்து போன தமிழ்ப் பெண்கள். பிரிட்டிஷ் இந்தியாவின் கண்ணில் அதுவும் அயலிலிருந்து ஆயுதக் குழுவுக்குப் போன நிதிதான். அதை நாம் தியாகம் என்றே பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். ஆகவே "வெளியிலிருந்து கொடுப்பது" என்ற ஒன்றே குற்றமாகிவிடாது.

ஆனால் மலாயா உதாரணத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். கொடுத்தவர்களும் போனவர்களும் ஒரே லயத்தில் இருந்தார்கள். மேலே ஜப்பானிய ஆட்சி. அடுத்தவேளை அரிசிக்கே தட்டுப்பாடு. வளையலைக் கழற்றிக் கொடுத்த தாயின் மகள்தான் அணிவகுப்பில் நின்றாள். போர் எப்படிப் போகிறது, படைக்குள் என்ன நடக்கிறது என்பது கொடுத்தவர் காதுக்கு நேரடியாகவே வந்தது. (அங்கும் வசதி படைத்த வணிகர்களிடம் சொத்தை மதிப்பிட்டு, மிரட்டலும் கலந்தே வசூலித்தார்கள். எந்த இயக்கத்தின் கருவூலமும் முழுக்க அன்பினால் நிரம்பியதில்லை.) ஸ்காபரோவுக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் அந்த நெருக்கம் இல்லை. உங்கள் கேள்வியின் கனம் முழுவதும் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

ஒரு ஆயுதக் குழு தான் வாழும் ஊரையே நம்பியிருந்தால், அந்த ஊரின் முகத்தைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். சோறு போடும் வீடு கதவைச் சாத்தினால் அன்றிரவு பட்டினி. ஊர் களைத்துவிட்டது, போதும் என்கிறது என்றால் அந்தக் களைப்பு குழுவின் வயிற்றுக்கும் எட்டும். எண்பதுகளின் தொடக்கத்தில் எல்லா இயக்கப் பெடியளும் அப்படித்தான் இருந்தார்கள். எந்த வீட்டில் சாப்பாடு கிடைக்கும், எந்த வீட்டில் கிடைக்காது என்பது அவர்களுக்குத் தெரியும். பணம் வெளியிலிருந்து வரத் தொடங்கினால் அந்தக் கட்டு அவிழ்ந்துவிடுகிறது. முதலில் இந்திய அரசின் பயிற்சியும் தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். கொடுத்த நிதியும் அதைத் தொடக்கி வைத்தன. பிறகு அந்த இடத்தைப் புலம்பெயர்ந்தோரின் காசு பிடித்துக்கொண்டது. குமரன் பத்மநாதன் என்ற கே.பி. நடத்திய கொள்வனவு வலைப்பின்னல், கப்பல்கள், ஆயுதச் சந்தைகள் எல்லாம் அந்தக் காசில் ஓடியவை. ஊர்ச் சனத்திடமும் இயக்கம் வரி வாங்கியது, பாஸ் என்ற அனுமதிச் சீட்டு முறை வைத்தது, தன் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியைவிட்டு வெளியே போகப் பிணை கேட்டது. ஆனால் அந்தச் சனத்தின் சம்மதம் இல்லாமலே போரை நடத்தும் வசதியைக் கொடுத்தது வெளியிலிருந்து வந்த காசு.

இதை நான் வெறும் தத்துவமாகச் சொல்லவில்லை. 2006க்குப் பிறகு வன்னியில் வீட்டுக்கு ஒருவர் என்று கட்டாயமாக ஆள் சேர்த்தார்கள். கடைசியில் ஒருவரோடும் நிற்கவில்லை. தாய்மார் பிள்ளைகளை வீட்டுக்குள்ளும் பதுங்குகுழிக்குள்ளும் மறைத்து வைத்தார்கள். கலியாணம் கட்டினால் விட்டுவிடுவார்கள் என்று பதினாறு பதினேழு வயதில் அவசரக் கலியாணம் செய்துவைத்தார்கள். அந்தத் தாய்மார் எவ்வளவு தெளிவாகத்தான் "வேண்டாம்" என்று சொல்ல முடியும்! அந்த "வேண்டாம்" இயக்கத்தைத் தடுக்கவில்லை. அதே மாதங்களில் லண்டனிலும் பாரிஸிலும் ரொறன்ரோவிலும் "இறுதி யுத்தம்" என்று சொல்லி நிதி திரட்டினார்கள். அங்கே "வேண்டும்" என்ற குரல்தான் பலமாகக் கேட்டது. யாருடைய பிள்ளை போக வேண்டுமோ அவர்களுடைய சொல் எடுபடவில்லை. யாருடைய பிள்ளை பல்கலைக்கழகம் போய்க்கொண்டிருந்ததோ அவர்களுடைய காசு எடுபட்டது. உங்கள் அப்பா இதை விரும்பினார் என்று நான் சொல்லவில்லை. அவருடைய காசு இப்படித்தான் வேலை செய்தது என்கிறேன்.

இனி வசூல். 2005 கடைசியிலும் 2006 தொடக்கத்திலும் நடந்ததை மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2006 மார்ச்சில் ஒரு அறிக்கையாக வெளியிட்டது. கனடாவில் ஒரு குடும்பத்திடம் 2,500 முதல் 5,000 டொலர் வரை கேட்டார்கள். சில வணிகர்களிடம் ஒரு லட்சம் டொலர் வரை. அந்தக் காலத்தில் அங்கே இருந்த யாரைக் கேட்டாலும் அந்தக் காட்சியைச் சொல்வார்கள். வேலை முடிந்து வரும் நேரம் பார்த்து இரண்டு மூன்று பேர் வருவார்கள். ஒருவராவது தெரிந்த முகமாக இருப்பார்: கோயிலில் பார்த்தவர், பிள்ளையின் தமிழ்ப் பள்ளியில் நின்றவர். தேத்தண்ணி குடிப்பார்கள். ஊர் நிலைமை பேசுவார்கள். "அண்ணை, இது கடைசி அடி. இதுக்குப் பிறகு உங்களிட்டை வந்து நிக்க மாட்டம்." கையில் காசில்லை என்றால் வங்கியில் லோன் எடுக்கலாமே என்பார்கள், கட்டும் தொகையை மாதாமாதம் தாங்கள் தருவதாகவும் சொல்வார்கள். மறுத்தால் திரும்ப வருவார்கள், திரும்பத் திரும்பத் தொலைபேசி அடிப்பார்கள். "ஊருக்குப் போற எண்ணம் இல்லையோ?" என்று ஒரு கேள்வி மெல்ல விழும். 2002க்குப் பிந்தைய சமாதான காலத்தில் ஏ9 நெடுஞ்சாலை வழியாக ஊர் பார்க்கப் போனவர்களில் சிலரின் கடவுச்சீட்டை வன்னியில் வாங்கி வைத்துக்கொண்டு, வெளிநாட்டில் இருந்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு டொலர் கணக்கில் கேட்டதையும் அதே அறிக்கை பதிவு செய்திருக்கிறது.

அப்படிப் பறித்ததைத் தானம் என்று எப்படிச் சொல்வது? கொடுத்தவரைக் குற்றவாளி என்றும் எப்படிச் சொல்வது? உங்கள் அப்பா கொடுத்ததில் எவ்வளவு விருப்பத்தில் கொடுத்தது, எவ்வளவு பயத்தில் கொடுத்தது என்பது அவருக்கே சரியாகத் தெரியாமல் இருக்கலாம். பயந்து கொடுத்தோம் என்று ஒப்புக்கொள்வதைவிட விரும்பிக் கொடுத்தோம் என்று நினைவில் வைத்துக்கொள்வது மனிதருக்கு லேசாக இருக்கும். அவருடைய பெருமையின் கீழே இதுவும் கொஞ்சம் கிடக்கிறதா என்று பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

சுவிட்சர்லாந்தில் இது நீதிமன்றம் வரை போனது. சாதாரணத் தொழிலாளர்கள், உணவகச் சமையலறையில் வேலை செய்தவர்கள், இயக்கத்துக்காகத் தங்கள் பெயரில் சிறு கடன்கள் எடுத்தார்கள். சம்பளத்தைக் கூட்டிக் காட்டும் தாள்கள் தயாரிக்கப்பட்டன. அப்படி ஒரு கோடி பிராங்குக்கு மேல் திரண்டது என்பது குற்றச்சாட்டு. 2018 ஜூனில் பெலின்சோனா கூட்டாட்சிக் குற்றவியல் நீதிமன்றம், குற்ற அமைப்புக்குத் துணைபோனார்கள் என்ற குற்றச்சாட்டிலிருந்து 13 பேரையும் விடுவித்தது. சிலருக்கு மட்டும் வங்கியை ஏமாற்றியதற்காக நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை கிடைத்தது. சட்டத்தின் கதை அங்கே முடிந்தது. ஆனால் 2009 மே மாதத்தோடு இயக்கம் முடிந்தபோது அந்தக் கடன்கள் முடியவில்லை. கட்டித் தருகிறோம் என்ற வாக்கு காற்றோடு போயிற்று. தோற்றுப்போன போருக்கு மாதாமாதம் தவணை கட்டிய குடும்பங்கள் ஐரோப்பா முழுக்க இருந்தன. வீடு போனது, மணமுறிவு வந்தது. இதைப் பற்றி நம் மேடைகளில் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

பயத்தையும் பாசத்தையும் ஒதுக்கி வைத்தாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. உங்கள் அப்பாவுக்கு என்ன தெரிந்திருந்தது? இங்கேதான் அவருடைய பங்கு தொடங்குகிறது என்று நினைக்கிறேன்.

1990 ஆகஸ்ட் 3ஆம் தேதி காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு ஒக்ரோபரில் வடக்கு முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர் விரட்டப்பட்டார்கள்; யாழ்ப்பாண நகரத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். 1996 ஜனவரி 31இல் கொழும்பு மத்திய வங்கியில் வெடித்த லொறி 90க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. செத்தவர்கள் கணக்கெழுதும் குமாஸ்தாக்களும் தெருவில் போனவர்களும். இதெல்லாம் ரகசியமாக நடந்தவை அல்ல. வெளிநாட்டுப் பத்திரிகைகளில் வந்தன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் உயிரைப் பணயம் வைத்து இரு தரப்புக் கொலைகளையும் அறிக்கை அறிக்கையாக எழுதினார்கள். பிள்ளைகளைப் படையில் சேர்ப்பதை யுனிசெஃப் பதிவு செய்துகொண்டே வந்தது. தெரிந்துகொள்ள விரும்பியவருக்குத் தெரிந்துகொள்ள வழி இருந்தது.

ஆனால் அந்த வழியில் போவதற்கும் ஒரு விலை இருந்தது. மாற்றுக் கருத்து எழுதிய பத்திரிகையாளர் டி.பி.எஸ். ஜெயராஜ் 1993இல் ரொறன்ரோவில் தாக்கப்பட்டார். 1994 மே முதலாம் தேதி, இயக்கத்தை விமர்சித்த சபாலிங்கம் பாரிஸில் தன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். சனம் புரிந்துகொண்டது. கோயில் திருவிழாவில், கலியாண மண்டபத்தில், கடையில் எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மாதச் சீட்டுப் பிடிப்பவரிடம் இருபது டொலருக்குக் கணக்குக் கேட்டுச் சண்டை பிடிக்கும் நம்மவர்கள், இயக்கத்துக்கு வசூலிக்க வந்தவர்களிடம் ஒரு துண்டுச் சீட்டுக்கூடக் கேட்கவில்லை.

அயர்லாந்துக் கதையை இதன் பக்கத்தில் வைத்தால் நம்முடைய துயரம் இன்னும் துலக்கமாகத் தெரியும். 1970இல் நியூயார்க்கில் மைக்கேல் ஃபிளானரி முதலியோர் நோரெய்ட் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். சிறையில் இருப்பவர்களின் குடும்பங்களுக்கு உதவி என்பது அறிவித்த நோக்கம். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக ஆயுதம் ஏந்திய ஐ.ஆர்.ஏ.வுக்கான நிதிவழி என்பது பிரிட்டிஷ், ஐரிஷ், அமெரிக்க அரசுகளின் குற்றச்சாட்டு. பாஸ்டன், நியூயார்க் மதுக்கடைகளில் உண்டியல் சுற்றிவரும். 1981இல் ஐரிஷ் கைதிகள் சிறைக்குள் இருந்த உண்ணாவிரதத்தில் பத்துப் பேர் இறந்தபோது காசு கொட்டியது. ஆயுதம் கடத்திய வழக்கில் 1982இல் விடுதலையான ஃபிளானரியை அடுத்த ஆண்டே செயின்ட் பாட்ரிக் தின ஊர்வலத்துக்குத் தலைமை தாங்க வைத்தார்கள். பெல்ஃபாஸ்ட் தெருவில் குண்டு வெடித்துக் கால் போனவரை ஒருநாளும் பார்த்திராத மனிதர்கள், பாட்டுப் பாடிக் கண்ணீர் விட்டு உண்டியலில் காசு போட்டார்கள். நமக்கு நன்றாகத் தெரிந்த காட்சி.

வித்தியாசம் எங்கே என்றால், அங்கே ஜான் ஹியூம் இருந்தார். வட அயர்லாந்தில் கத்தோலிக்க மக்களோடு வாழ்ந்து, அவர்களுக்காகவே அரசியல் செய்தவர். அவர் அமெரிக்காவுக்குப் போய், உங்கள் டொலர் எங்களைக் கொல்கிறது என்ற செய்தியை அங்கிருந்த தலைவர்களிடம் கொண்டுசேர்த்தார். 1977 செயின்ட் பாட்ரிக் தினத்தில் அமெரிக்க அரசியல் தலைவர்களான டெட் கென்னடி, டிப் ஓ'நீல், டேனியல் மொய்னிஹன், ஹியூ கேரி ஆகிய நால்வரும் வன்முறைக்குத் துணைபோகும் நிதியைக் கொடுக்காதீர்கள் என்று கூட்டாக அறிக்கை விட்டார்கள். நால்வரும் ஐரிஷ் வம்சத்தினர். தங்கள் வாக்காளர் கோபப்படுவார்கள் என்று தெரிந்தே செய்தார்கள். உண்டியல் உடனே நிற்கவில்லை. ஆனால் கொடுப்பவருக்கு எதிரே இன்னொரு ஐரிஷ் குரல் நின்றது. 1986இல் சர்வதேச அயர்லாந்து நிதியம் உருவாகி, ஊர்களில் வேலையும் தொழிலும் உண்டாக்கப் பணம் போனது. ஐ.ஆர்.ஏ.வுக்கு லிபியாவிலிருந்து வந்த ஆயுதத்தோடு ஒப்பிட்டால் அமெரிக்க உண்டியல் சிறியதுதான் என்றாலும், அந்தக் குரலின் மதிப்பு குறையாது.

நமக்கு ஹியூமாக இருந்திருக்கக்கூடியவர்கள் யார்? தமிழர் விடுதலைக் கூட்டணித் தலைவர் அமிர்தலிங்கம், 1989 ஜூலை 13 கொழும்பில், தன் வீட்டில் புலிகளால் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே கூட்டணியின் நாடாளுமன்ற உறுப்பினர் நீலன் திருச்செல்வம், 1999 ஜூலை 29, தற்கொலைக் குண்டு. 1986இல் டெலோ என்ற இன்னொரு தமிழ் இயக்கத்தவர்களைப் புலிகள் தெருவில் வைத்துக் கொன்றதோடு மற்ற இயக்கங்களின் குரலும் அடங்கத் தொடங்கியது. அவர்களோடு நாம் உடன்பட்டிருக்க வேண்டும் என்பதில்லை. புலம்பெயர் தமிழரிடம் "காசை நிறுத்துங்கள்" என்று ஊரிலிருந்து சொல்லும் தகுதி யாருக்கு இருந்ததோ அவர்களையே, அந்தக் காசைப் பெற்றுக்கொண்டிருந்த இயக்கம் ஒவ்வொருவராக முடித்தது. இதை எழுதும்போது இன்றும் என் மனம் கொதிக்கிறது. ஒரு குழுவுக்குக் கொடுக்கலாமா என்று யோசிப்பவர் முதலில் பார்க்க வேண்டியது அதன் எதிரி யார் என்பதை அல்ல. தன் சொந்தச் சனத்தில் தன்னை மறுப்பவரை அது என்ன செய்கிறது என்பதைத்தான்.

"நாங்கள் ஆயுதத்துக்குக் கொடுக்கவில்லை, புனர்வாழ்வுக்கும் அநாதைப் பிள்ளைகளுக்கும்தான் கொடுத்தோம்" என்ற பதிலையும் உங்கள் அப்பாவிடம் கேட்டிருப்பீர்கள். அது முழுப் பொய் அல்ல. 2004 டிசம்பர் 26 கடற்கோளுக்குப் பிறகு, கொழும்பு அசையும் முன்பே, புலிகளோடு சேர்ந்து இயங்கிய தமிழர் புனர்வாழ்வுக் கழகம் முல்லைத்தீவில் பிணம் எடுத்தது, கொட்டில் போட்டது, சமைத்துப் போட்டது. ஆனால் சட்டியும் பானையும் ஒரு கையில், துவக்கு மறு கையில் என்று ஒரே தலைமை வைத்திருந்தால், இந்தப் பக்கம் கொடுத்த காசு அந்தப் பக்கத்தில் வேறு காசை மிச்சப்படுத்தும். அமெரிக்கா 2007 நவம்பரில் அந்தக் கழகத்தின் சொத்தை முடக்கியதும், 2010 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில், பயங்கரவாதப் பட்டியலில் உள்ள அமைப்புக்குச் சர்வதேசச் சட்டமோ சமாதான வழிமுறையோ சொல்லிக்கொடுப்பதுகூடக் குற்றமாகலாம் என்று தீர்ப்பளித்ததும் இந்தத் தர்க்கத்தில்தான். அந்தத் தீர்ப்பு எல்லை மீறியது என்பது என் கருத்து. ஆயுதம் தூக்கியவனுக்குப் பேச்சுவார்த்தை கற்றுக்கொடுப்பதைத் தடுத்தால் அவனிடம் ஆயுதம் மட்டும்தான் மிஞ்சும். சட்டம் எப்போதும் அரசுகளின் பக்கம் சாயும்; 1983இல் கொளுத்தியவர்களுக்கு வரிப்பணத்தில் சம்பளம் போனதை எந்தப் பட்டியலும் பயங்கரவாத நிதி என்று சொல்லவில்லை. கனடா 2006 ஏப்ரலில் புலிகளைத் தடை செய்தது என்பதால் 2006 மார்ச்சில் கொடுத்தது நல்லதும் மே மாதத்தில் கொடுத்தது கெட்டதும் ஆகிவிடாது. உங்கள் கேள்விக்குச் சட்டப் புத்தகத்தில் பதில் தேடாதீர்கள்.

இப்போது 2009. அதைத் தொடாமல் இந்தப் பதில் நேர்மையானதாக இருக்காது. அரசு, பாதுகாப்பு வலயம் என்று தானே அறிவித்த இடத்துக்குள் தானே எறிகணை அடித்தது. புதுக்குடியிருப்பு மருத்துவமனையைத் திரும்பத் திரும்பத் தாக்கியது. உணவையும் மருந்தையும் மறித்தது. கடைசி மாதங்களில் செத்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் சொன்னது. அந்தக் கொலைகளின் பொறுப்பு அரசினுடையது. புலம்பெயர்ந்தோரின் மேல் அதைச் சுமத்த யாருக்கும் உரிமை இல்லை. அதே அறிக்கை இன்னொன்றையும் சொல்கிறது: வெளியேற முயன்ற சனத்தைப் புலிகள் சுட்டார்கள், போகவிடாமல் கேடயமாக வைத்திருந்தார்கள், கடைசி வரை பிள்ளைகளைப் பிடித்தார்கள்.

அந்த வாரங்களில் லண்டன் நாடாளுமன்றச் சதுக்கம் நிரம்பியது. மே 10ஆம் தேதி ரொறன்ரோவில் கார்டினர் நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்தார்கள், குழந்தை வண்டிகளோடு. அந்தச் சனத்தின் கண்ணீரில் பொய் இல்லை. ஒபாமாவிடம் கேட்டார்கள், பிரிட்டனிடம் கேட்டார்கள், ஐ.நா.விடம் கேட்டார்கள். இயக்கத்திடம் மட்டும், "சனத்தை வெளியே விடுங்கள்" என்று கேட்கவில்லை. கேட்ட சிலரைத் துரோகி என்றார்கள். இருபத்தைந்து ஆண்டுகளாகக் காசு கொடுத்தவர்களுக்கு அந்த இயக்கத்தின் மேல் உலகத்தில் யாருக்கும் இல்லாத செல்வாக்கு இருந்திருக்க வேண்டும். கேட்டால் விட்டிருப்பார்களா என்பதல்ல என் கவலை. கேட்கும் பழக்கமே இல்லாமல் போனதுதான். எங்கே கொடுத்தால் "நிறுத்து" என்று சொல்ல முடியாதோ, அங்கே கொடுப்பது வரி கட்டுவதுதான்.

பால் கொலியர் போன்ற பொருளியலாளர்கள், அமெரிக்காவில் பெரிய புலம்பெயர் சமூகம் உள்ள நாடுகளில் முடிந்த போர் மீண்டும் மூளும் வாய்ப்பு ஏறக்குறைய ஆறு மடங்கு அதிகம் என்று 2000ஆம் ஆண்டளவில் கணக்குக் காட்டினார்கள். அந்தக் கணக்கைப் பின்வந்தவர்கள் கேள்விக்குள்ளாக்கினார்கள்; நானும் அதை அப்படியே எடுக்கச் சொல்லமாட்டேன். கொடுமை அதிகமான இடத்திலிருந்துதான் அதிகம் பேர் ஓடுவார்கள், ஆகவே எது காரணம், எது விளைவு என்று பிரிப்பது கடினம். ஆனால் தூரத்தில் இருப்பவர் சமரசத்துக்கு இறங்கி வருவது கடினம் என்பது உண்மை. ஊரில் இருப்பவருக்கு ஒரு அரைகுறைத் தீர்வு என்றால் நாளைக்கு வயலுக்குப் போகலாம். வெளியில் இருப்பவருக்கு அது தோல்வி மட்டும்தான்.

இன்று மியன்மாரில் இராணுவ ஆட்சியை எதிர்த்துப் போராடும் நிழல் அரசு 2021 கடைசியிலிருந்து புரட்சிப் பத்திரங்கள் விற்கிறது. உலகெங்கும் உள்ள மியன்மார் மக்கள் வாங்குகிறார்கள். அவர்களைத் தடுக்க எனக்கு மனம் வராது. 1983இல் நாம் இருந்த இடத்தில் அவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் யாராவது என்னிடம் கேட்டால், ஊரில் இருக்கும் உன் தாயிடம் தனியாகக் கேட்டுவிட்டுக் கொடு என்பேன். கணக்குக் கேள். கொடுக்க மாட்டேன் என்று ஒருமுறை சொல்லிப் பார். அதற்கு என்ன நடக்கிறது என்பதிலேயே நீ யாருக்குக் கொடுக்கிறாய் என்பது தெரிந்துவிடும். உன் தம்பி வயதுப் பிள்ளையைக் கட்டாயமாகக் கொண்டுபோனார்கள் என்று கேள்விப்பட்ட அன்றே நிறுத்து.

உங்கள் அப்பாவிடம் ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்காதீர்கள். அதற்கான பதிலை அவர் முப்பது ஆண்டுகளாகத் தயாராக வைத்திருக்கிறார். யார் வந்து கேட்டார்கள், எப்படிக் கேட்டார்கள், ஒருமுறையாவது மறுத்தீர்களா, முஸ்லிம்களை விரட்டிய செய்தி வந்த அன்று வீட்டில் என்ன பேசினீர்கள் என்று கேளுங்கள். குற்றக்கூண்டில் நிறுத்துவதுபோல் கேட்க வேண்டாம். அவர் செய்தது என்ன என்று அவரே பார்க்க உதவுவதுபோல் கேளுங்கள்.

அவர் பங்கு தீரவில்லை என்றேன். புலம்பெயர் நாடுகளில் அந்தக் காசில் வாங்கிய சொத்துகள், தனியார் பெயரில் இருந்த கடைகள், கட்டடங்கள் பற்றிய முழுக் கணக்கு 2009க்குப் பிறகு பொதுவில் வைக்கப்படவே இல்லை. அதே வேளை வன்னியில், உடம்பில் சன்னத் துண்டோடு கூலிவேலைக்குப் போகும் முன்னாள் போராளிப் பெண்களும், காலில்லாதவர்களும், புருஷன் எங்கே என்று பதினைந்து ஆண்டுக்கு மேலாகத் தேடிக்கொண்டிருக்கும் மனைவிமாரும் இருக்கிறார்கள். விரும்பியோ கட்டாயத்திலோ, உங்கள் அப்பாவின் காசு வாங்கிய துவக்கைத் தூக்கியவர்கள் அவர்கள். பெருமைப்படுகிறவர் அவர்களில் ஒரு குடும்பத்தையாவது நேரடியாகத் தாங்க வேண்டும், இடையில் எந்த அமைப்பும் இல்லாமல். தன்னிடம் அன்று வசூலித்தவர் இன்னும் அதே நகரத்தில்தான் இருப்பார். அவரிடம் போய்க் கணக்குக் கேட்கவும் வேண்டும். நீங்களும் கூடப் போங்கள்.